புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் சின்னக் குழந்தைக்கு மியூசிக் தெரபி உண்மையிலேயே உதவுமா?

கேள்வி: நாலரை வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் (ஏ.எல்.எல்.), கீமோ தொடங்கி இரண்டாவது மாதம். ஆஸ்பத்திரியில் மியூசிக் தெரபி இருக்கிறது, சேர்க்கிறீர்களா என்று கேட்கிறார்கள். போனில் பாட்டுப் போட்டுக் காட்டுவதைவிட இதில் என்ன பெரிதாக இருக்கப்போகிறது?

பதில்:

சேர்த்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். என் மகளுக்கும் இதே வியாதிதான், வயதும் கிட்டத்தட்ட இதேதான். சிகிச்சை எல்லாம் முடிந்து இப்போது இரண்டாம் வகுப்பு போகிறாள்.

ஆனால் முதலில் ஒன்று. இசை புற்றுநோயைக் குணப்படுத்தாது. இன்ன ராகம் கேட்டால் ரத்த அணு ஏறும் என்று சொந்தக்காரர் யாராவது வாட்ஸ்அப்பில் கட்டாயம் அனுப்புவார்கள், அதை நம்பி ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வியாதியைப் பார்த்துக்கொள்வது மருந்து. இசை பார்த்துக்கொள்வது அந்த மருந்தைத் தாங்க வேண்டிய குழந்தையையும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உங்களையும்.

போனில் பாட்டுப் போட்டால் குழந்தையின் கவனம் கொஞ்சம் திரும்பும், அதுவும் நல்லதுதான். வியட்நாமில், ஹனோய் நகரில், முதுகுத்தண்டில் ஊசி போடும்போது 7 முதல் 12 வயது வரையிலான 40 குழந்தைகளுக்கு இயர்போன் மாட்டி ஒரு ஆய்வு செய்தார்கள், 2010இல் வெளியானது. பாதிப் பேருக்கு இயர்போனில் பாட்டு, மீதிப் பேருக்கு வெறும் இயர்போன். பாட்டு கேட்டவர்களுக்கு வலியும் பயமும் குறைவாக இருந்தது. ஆனால் உங்கள் பையனுக்கு நாலரை வயது. அந்த வயதுக் குழந்தைக்கு வலிக்குச் சமமான இன்னொரு கஷ்டம் இருக்கிறது, அது எதுவுமே தன் கையில் இல்லை என்பது. எப்போது ஊசி, எப்போது போர்ட்டில் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கிற சின்னக் கருவி) குத்துவார்கள், எதைச் சாப்பிடலாம், கவுன்ட் (நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை) இறங்கினால் யாரைப் பார்க்கக்கூடாது, எல்லாமே பெரியவர்கள் முடிவு. இரண்டு மூன்று வருடம் இப்படி.

எங்கள் வார்டுக்கு வந்த இசை சிகிச்சையாளர் கதவருகே நின்று முதலில் கேட்டது, "நான் உள்ள வரட்டுமா, வேண்டாமா?" என்றுதான். என் மகள் "போ" என்றாள். சரி என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது, பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்டேன். "இந்த வார்டுல அவ போன்னு சொன்னா போற ஆள் நான் ஒருத்திதாங்க, அவ சொல்லட்டும்" என்றார். மியூசிக் தெரபி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த ஒரு வார்த்தையில்தான். அடுத்த முறை கதவுக்கு வெளியே நின்று பாடச் சொன்னாள், அப்புறம் கட்டிலின் கால்மாட்டு வரை வரலாம் என்றாள், அப்புறம் அவர் பையைத் திறந்து கிலுகிலுப்பையா சின்ன மேளமா என்று இவளே எடுக்க ஆரம்பித்தாள். இவள் கையைத் தூக்கினால் நாங்கள் எல்லோரும் வாசிப்பதை நிறுத்த வேண்டும், இறக்கினால் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். டிரிப்ஸ் மாட்ட வந்த சிஸ்டர்கூட ஒரு நாள் கை இறங்கும்வரை காத்திருந்தார். ஸ்டீராய்டு கொடுக்கிற வாரங்களில் பசியும் எரிச்சலும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், அந்த நாட்களில் அவள் வரி சொல்லச் சொல்ல அவர் மெட்டுக் கட்டுவார்: பொடி தோசை, நெய் தோசை, ராத்திரி ரெண்டு மணி தோசை.

இது என் மகளுக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் ஷெரி ராப் என்பவரின் குழு 4 முதல் 7 வயது வரையிலான 83 புற்றுநோய்க் குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்து 2008இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. ஒரு பிரிவு சிகிச்சையாளரோடு சேர்ந்து பாடி வாசித்தது, இன்னொன்று பாட்டு மட்டும் கேட்டது, மூன்றாவது ஒலிக்கதை கேட்டது. முகம் மலர்ந்ததும் சுறுசுறுப்பாக ஈடுபட்டதும் முதல் பிரிவில்தான் அதிகம். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடைக்காது. அதே சமயம் ஆதாரம் மலைபோல் குவிந்திருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். புற்றுநோயாளிகளுக்கு இசை பற்றி 2021இல் வந்த காக்ரேன் தொகுப்பில் (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்க்கிற அமைப்பு அது) 81 ஆய்வுகள், அதில் குழந்தைகளைப் பற்றியவை 7 மட்டும்தான். குழந்தைகளின் பதற்றம் குறையலாம் என்கிற அளவில்தான் அதில் சொல்ல முடிந்திருக்கிறது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அப்புறம் நீங்கள். அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விடலாம் என்று தோன்றும், போகாதீர்கள். என் வீட்டுக்காரர் பாடவே மாட்டார், ரிப்போர்ட் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே இருப்பார். அவரிடம் பாடச் சொல்லாமல், அந்த ஃபைலிலேயே தாளம் தட்டச் சொன்னார் அந்த இசை சிகிச்சையாளர். தட்டினார். மருந்து வாங்க, ரத்தம் ஏற்பாடு செய்ய, கையெழுத்துப் போட என்று அலைந்துகொண்டிருந்த மனிதர், மறுபடி அவளுக்கு அப்பாவாக ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த ஜோஆன் லோவி குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு, 11 மருத்துவமனைகளில் குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளைப் பற்றியது. பெற்றோர் தங்களுக்குப் பிடித்த பாட்டையே தாலாட்டாக மாற்றினார்கள், பெற்றோரின் மன அழுத்தமும் குறைந்தது. வியாதி வேறுதான், ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் குழந்தையை விட்டுவிட்டுக் கைகட்டி நிற்கிற நிலைமை ஒன்றுதான். குரல் நன்றாக இல்லையே என்று நினைக்காதீர்கள், உங்கள் பையனுக்கு வேண்டியது உங்கள் குரல்.

சில விஷயங்கள் கவனியுங்கள். கவுன்ட் குறைவாக இருக்கும்போது ஊதுகிற வாத்தியம் எதையும் பலர் கை மாற்றித் தர விடாதீர்கள், துடைத்து எடுக்கக்கூடியவை போதும், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தூங்க வைக்கிற பாட்டை ஊசி போடும்போது பாடாதீர்கள், அந்தப் பாட்டோடு ஊசியும் ஞாபகம் வரும் என்று எங்களுக்குச் சொன்னார்கள், அதனால் ஊசிக்கென்று தனியாக ஒரு பாட்டு வைத்திருந்தோம். வருகிறவர் முறையாகப் படித்தவரா என்று கேளுங்கள், தப்பில்லை. புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசை சிகிச்சையைப் பாடமாகவே சொல்லித்தருகிறார்கள். நன்றாகப் பாடுகிறவர் எல்லோருக்கும் இந்த வேலை வந்துவிடாது. பையன் வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள், ஆள் எப்படி என்று அதிலேயே தெரிந்துவிடும்.

வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால் அதன் குரலில் ஒரு பாட்டைப் பதிவு செய்து கொண்டுவாருங்கள். வார்டுக்குள் விடாததால் பாட்டி வீட்டிலேயே இருந்த என் மகன் அப்படிப் பாடி அனுப்பினான், நடுவில் இருமல், பாட்டியின் மிக்ஸி சத்தம் எல்லாம் சேர்ந்து. அதைத்தான் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.