88-ஆம் நாள்

வணக்கம் ஐயா,

உங்கள் வங்கிக்கால நினைவுகளை விடாமல் வாசிப்பவள் நான். கணக்கீட்டில் பட்டம் முடித்து, மத்திய வங்கிக்கு முகாமைத்துவப் பயிலுனராகத் தெரிவாகியிருக்கிறேன். வங்கி மேற்பார்வைப் பக்கம் போடுவார்கள் போலிருக்கிறது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தனியார் வங்கியில் சேர்ந்தால் சீக்கிரம் மெனேஜர் ஆகலாம், மற்றவன் கணக்கில் பிழை பிடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்கிறார். எனக்கு வேறு பயம். என் சிங்களம் பஸ்ஸில் பேசுகிற சிங்களம். முப்பது வருஷம் வங்கியில் இருந்தவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து நான் என்னத்தைக் கேட்பது? இன்னொன்றும் இருக்கிறது. அம்மம்மா, தாத்தாவின் காசை ஒரு நிதிக் கம்பனியில் போட்டு, அது விழுந்து, பாதிகூடத் திரும்பி வரவில்லை. அப்போது இந்தப் பரிசோதகர்கள் எங்கே போனார்கள் என்று இன்றும் கேட்பார். இனி அந்தக் கேள்வி என்னிடம்தான் வரும். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, வத்தளை

அன்புள்ள பிள்ளைக்கு,

பெயர் போடவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் பரிசோதகனாக இருந்தவன் இல்லை. மேசைக்கு மற்றப் பக்கம் இருந்தவன். கொழும்பில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் 26 வருஷம் குப்பை கொட்டினேன், மத்திய வங்கியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் இரவு எட்டு மணி வரை இருந்து கோவைகளை ஒழுங்குபடுத்தினவர்களில் நானும் ஒருவன். ஒழுங்குபடுத்துவது என்றால் என்ன என்று இப்போது விளங்காது, ஆறு மாதத்தில் விளங்கும்.

உங்கள் பயத்திலிருந்தே தொடங்குவோம். பரிசோதகர்கள் வந்தால் நல்ல ஏசி அறையாகப் பார்த்துக் கொடுப்போம். அவர்கள் கேட்ட கோவைகள் மேசையில் வரிசையாக இருக்கும், மஞ்சள் துண்டெல்லாம் ஒட்டி. பத்து மணிக்கு பட்டிஸ், கட்லட், பிளேன்டீ. இதில் இலஞ்சம் ஒன்றும் இல்லை, விருந்தோம்பல்தான், ஆனால் வாய் நிறையப் பட்டிஸ் இருக்கும்போது கேள்வி கொஞ்சம் குறையும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஒருமுறை வந்த குழுவில் ஒரு சிங்களப் பிள்ளை, 27, 28 வயது இருக்கலாம். சாப்பாடு வீட்டிலிருந்து, தண்ணீர்ப் போத்தலும் வீட்டிலிருந்து. இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் நாங்கள் கொடுத்ததையே வாசித்தாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, 90 நாள் தாண்டின பட்டியல் இருக்கிறது, நன்றி, 80-இலிருந்து 89 நாள் வரை பிந்தின கணக்குகளின் பட்டியல் வேண்டும் என்றாள். எனக்கு வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

ஏன் என்று சொல்கிறேன். கடன் 90 நாளுக்கு மேல் நிலுவையில் கிடந்தால் அது செயற்படாக் கடன். அதற்குப் பிறகு வட்டியை வழக்கம்போல வருமானமாகக் காட்ட முடியாது, இலாபத்திலிருந்து பணம் எடுத்து நட்டத்துக்கு ஒதுக்க வேண்டும், கிளை முகாமையாளரின் போனஸ் தொடக்கம் தலைமையகத்தின் முகம் வரை எல்லாம் வாடும். அதனால் 90-ஆம் நாளைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்வதே ஒரு தனித் தொழில். 88-ஆம் நாள் வாடிக்கையாளரின் தம்பி பெயரில் புதிய கடன் ஒன்று அனுமதிக்கப்படும், அந்தப் பணம் அண்ணன் கணக்குக்குப் போகும், நிலுவை தீரும். கோவையில் பார்த்தால் வாடிக்கையாளர் தங்கமான மனுஷன், பிந்தினாலும் கட்டிவிட்டார். உண்மையில் எங்கள் காசை எங்களுக்கே கட்டியிருக்கிறார்.

அவள் அந்தப் பட்டியலில் பதினொரு கணக்கைத் தெரிந்தெடுத்து, நிலுவை தீர்ந்த ஒவ்வொரு நாளிலும் வங்கியில் வேறு என்ன கடன் வெளியே போனது என்று பார்த்தாள். நான்கு அகப்பட்டது. அதில் ஒன்றின் பரிந்துரையில் இருந்தது என் கையெழுத்து. "இவர்கள் இரண்டு பேரும் ஒரே விலாசமா?" என்று கேட்டாள். அண்ணன் தம்பி என்றேன். எழுதிக்கொண்டாள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை, பேனாவை மூடாமல் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்த அமைதி தாங்காமல் நான் பத்து நிமிஷம் பேசினேன், கேளாததெல்லாம் சொன்னேன். அறிக்கையில் பாதி அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

முப்பது வருஷக்காரர்களிடம் என்ன கேட்பது என்கிறீர்களே, அவள் கேட்டதைக் கேளுங்கள். கோவையைத் தயாரித்தவன் என்னைவிடக் கெட்டிக்காரனாகக்கூட இருப்பான், காரணமெல்லாம் அழகாக எழுதியிருப்பான், ஆனால் திகதிகளை முழுக்க மாற்ற அவனால் முடியாது. கடன் அனுமதித்த திகதிக்குப் பிறகு காணி மதிப்பீட்டறிக்கை வந்திருக்கும். வருஷ முடிவில் மட்டும் கணக்கு அழகாகத் தெரிய, டிசம்பர் 30 வந்த பெரிய தொகை ஜனவரி 3 போயிருக்கும். இரண்டு வேறு ஆட்களின் காணிப் படத்தில் ஒரே கிணறு இருக்கும் (சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்).

இன்னொன்று, எப்போதும் இப்படிக் கோவையும் கிளையுமாக இருக்காது. வங்கிகள் அனுப்பும் மாதாந்த, காலாண்டு விபரங்களை வைத்துக்கொண்டு எக்செல்லோடு கண் எரிய உட்கார்ந்திருக்கும் நாட்களும் நிறைய. அது சலிக்கும். சலித்தாலும் செய்யுங்கள், எந்த வங்கியின் எந்த இலக்கம் திடீரென்று அழகாகிறது என்பது அங்கேதான் கண்ணில் படும். பிறகு ஒரு வங்கிக்குள் போகும்போது எந்த அலுமாரியைத் திறக்கச் சொல்வது என்று தெரிந்திருக்கும்.

சிங்களம் வரும். பஸ் சிங்களம் போதும் தொடங்க, ஆனால் வாசிக்கப் பழகுங்கள், வாடிக்கையாளர் கையால் எழுதின கடிதங்களில்தான் கதை இருக்கும். உங்கள் தமிழ் எங்கே உதவும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். யாழ்ப்பாணக் காணி ஒன்றை ஈடு வைத்துக் கொடுத்த கடன் என்று வையுங்கள். தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு உட்பட்ட, கலியாணம் கட்டின பெண் தன் பெயரில் இருக்கும் காணியை ஈடு வைப்பதற்குக்கூட புருஷனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சட்டம் சரியா பிழையா என்பது வேறு சண்டை, எனக்கும் அதில் கோபம் உண்டு. ஆனால் அந்தச் சம்மதம் இல்லாத உறுதியை ஈடாக வைத்துக்கொண்டு, கடன் பத்திரமாக இருக்கிறது என்று கொழும்பில் ஒருவர் அறிக்கை எழுதிக்கொண்டிருப்பார். உங்களுக்கு அது ஒரு பார்வையில் பிடிபடும்.

அப்பாவுக்கு என்ன சொல்வது? அமெரிக்காவில் 1863-இலேயே தேசிய வங்கிகளைப் பார்ப்பதற்கென்று அரசாங்க அலுவலகம் தொடங்கி, பேங்க் எக்சாமினர் என்ற பெயரோடு ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், வாழ்நாள் முழுக்க அதையே தொழிலாகச் செய்தவர்களும் உண்டு. நம் மத்திய வங்கி 1950-இல் வந்தது. 1988-ஆம் ஆண்டின் 30-ஆம் இலக்க வங்கித் தொழில் சட்டம் உங்கள் கையில் இருக்கும்போது எந்தத் தலைவரும் கோவை தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் சொல்லிப் பாருங்கள். அவர் எழுதச் சொல்லாத ஒரு பயமும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கிக் கட்டடத்தின் மீது குண்டு வெடித்தபோது நான் கோட்டையில்தான் இருந்தேன், 90 பேருக்கு மேல் செத்தார்கள், அதற்குப் பிறகு ஜனாதிபதி மாவத்தையில் தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டையோடு நடந்தவர்களுக்கு அந்தப் பயம் லேசில் போகாது. அதே வங்கிக்கு 2016 முதல் 2019 வரை இந்திரஜித் குமாரசுவாமி என்ற தமிழர் ஆளுநராக இருந்தார் என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்தலாம்.

இனி அம்மம்மா. இதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

அவர் கேள்வியில் இரண்டு கேள்வி இருக்கிறது. பரிசோதகர் போகவே முடியாத இடங்கள் சில. கோல்டன் கீ 2008-இல் விழுந்தபோது அதற்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரமே இருக்கவில்லை, கிரெடிட் காட் கம்பனி என்று பெயர் வைத்துக்கொண்டு வைப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்க அதிகாரம் இல்லை என்று சொல்லலாம், சொன்னார்கள், ஆனால் ஊருக்கே தெரிந்த ஒன்று அலுவலகத்துக்குத் தெரியாது என்பது என்ன கதை என்று அம்மம்மா கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மற்றது பரிசோதகர் போய், பார்த்து, எழுதியும் விட்ட இடங்கள். அங்கே சிக்கல் வேறு. ஒரு நிறுவனம் நொண்டுகிறது என்று மத்திய வங்கி வாய் திறந்தால் அடுத்த நாள் வாசலில் வரிசை, நொண்டுவது விழுந்தே விடும். அந்த 2008 டிசம்பரிலேயே, கோல்டன் கீயோடு ஒரே குழுமம் என்ற ஒரே காரணத்துக்காக செலான் வங்கியில் சனம் குவிந்தது, மத்திய வங்கி தலையிட்டு இலங்கை வங்கியை நிர்வாகத்துக்குள் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது. அதனால் பொறுப்பார்கள். புது முதலீட்டாளர் வருவார் என்று பொறுப்பார்கள். பொறுக்கிற ஒவ்வொரு மாதமும் உங்கள் அம்மம்மா போல இன்னும் சிலர் காசைக் கொண்டுபோய்ப் போடுவார்கள், அங்கே வட்டி கூட என்பதால். த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதி 2020 மே மாதம் இரத்தானபோது வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்கு ஆகக்கூடியது 6 இலட்சம். இப்போது 11 இலட்சம். அதற்கு மேல் போட்டவர்கள் கம்பனியின் சொத்து விற்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தப் பொறுமைக்கான முடிவு மத்திய வங்கியின் ஆளுகைச் சபையில் எடுக்கப்படும், உங்கள் மேசையில் இல்லை. உங்கள் மேசையில் நடப்பது அதற்கு முந்தினது: எழுதும்போது "சில பலவீனங்கள் அவதானிக்கப்பட்டன" என்று எழுதுவதா, "வைப்பாளரின் பணம் இன்னும் இத்தனை மாதத்தில் தீர்ந்துவிடும்" என்று எழுதுவதா. முதலாவதை எழுதுவது சுகம், யாரும் கோபிக்க மாட்டார்கள். மேலே இருப்பவர்கள் இரண்டாவதை மெலிதாக்கச் சொல்லலாம். உங்கள் வரைவின் பிரதி திகதியோடு கோவையில் இருக்கட்டும்.

அம்மம்மாவுக்கு நீங்கள் இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் சேர்ந்ததும் இரகசியம் காப்பதாகக் கையெழுத்து வைப்பீர்கள். நாளைக்கு மாமா வந்து, இந்த பினான்ஸில் போடலாமா பிள்ளை என்று கேட்பார். வேண்டாம் என்றும் சொல்லக்கூடாது, முகத்தையும் சுளிக்கக்கூடாது. இந்த வேலையில் ஆகக் கஷ்டம் அதுதான் என்று நினைக்கிறேன், கணக்கு இல்லை.

சேர்ந்த பிறகும் எழுதுங்கள், தாராளமாக. எந்த வங்கிக்குப் போனீர்கள் என்று மட்டும் எழுத வேண்டாம். நான் கேட்பேன், பழைய பழக்கம். பதில் போடாதீர்கள்.