தொண்டு நிறுவனம் கிளம்பினாலும் ஸ்கூல் குழாய்ல தண்ணி வரணும்னா

ஒரு நடுநிலைப்பள்ளி ஹெச்.எம். டீச்சர் கேட்டிருக்காங்க: 180 பிள்ளைங்க, தொண்டு நிறுவனம் ஒண்ணு கழிவறை, கைகழுவுற தொட்டி, தண்ணி சுத்தம் பண்ற ஆர்.ஓ. மெஷின்லாம் போட்டுக் குடுத்து மூணு வருஷமா சோப்பு, பினாயில், ரிப்பேர் எல்லாத்தையும் அவங்களே பாத்துக்கிட்டாங்க, மார்ச்சோட கிளம்புறாங்க, அப்புறம் எப்படி ஓட்டுறது?

டீச்சர், மார்ச் வரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த மாசமே சாவியையும் செலவையும் உங்க கைக்கு வாங்கிருங்க. அவங்க பக்கத்துல இருக்கும்போதே நீங்க நடத்திப் பாத்தாதான் எங்க இடிக்குதுன்னு தெரியும். நான் பாத்தவரைக்கும் கட்டடம் இடிஞ்சு எந்தக் கழிவறையும் மூடல, ஒரு குழாய் உடையும், மாத்த ஆள் இருக்காது, நாத்தம் வரும், பூட்டிருவாங்க, அப்புறம் பொம்பளப் பிள்ளைங்க காலைலருந்து தண்ணியே குடிக்காம உக்காந்திருக்குங்க. அதப் பாக்கவே முடியாது. அதனால ரெண்டு குழாய், வாஷர், தண்ணிய அடைக்கிற பால் வால்வு (ball valve) ஒண்ணு பீரோல எப்பவும் இருக்கட்டும், ஊர் பிளம்பர் நம்பர் செவுத்துல இருக்கட்டும்.

பணம்? சமக்ர சிக்ஷாங்கிற பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 101லருந்து 250 பிள்ளைங்க வரைக்கும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 50,000 ரூபா, அதுல 10 சதவீதமாவது சுத்தம் சுகாதாரத்துக்குப் போகணும். ஜூன்லயே வந்துரும்னு நம்பாம மூணு மாசச் சாமானை இப்பவே வாங்கி வச்சுக்கோங்க. சோப்புக்கட்டி காணாமப் போகுதா, ஒன்றரை லிட்டர் பாட்டில் தண்ணில 30 கிராம் துணி சோப்புத்தூள் கலக்கி மூடில ஓட்டை போட்டுக் கட்டிவிடுங்க, போதும்.

ஆர்.ஓ.தான் பெரிய செலவு, உள்ள வடிகட்டுற மெம்பரேன மாத்தியே ஓஞ்சிருவீங்க. தண்ணிய குடிநீர் வாரிய லேப்ல குடுங்க. டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்து மத்ததும் சரியா இருந்தா ஆர்.ஓ. தேவையே இல்ல, 1000 லிட்டருக்கு 4 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர கரைச்சு மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் டேங்க்ல ஊத்தி அரைமணி நேரம் விடுங்க, கடைசிக் குழாய்ல குளோரின் குறைஞ்சது 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) காட்டணும். ஆனா நிலத்தடித் தண்ணில ஃபுளோரைடு அதிகமா இருக்குற தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்னா அதப் பாக்காம மெஷின நிறுத்திராதீங்க.

பள்ளி மேலாண்மைக் குழுல தலைவரே ஒரு பெற்றோர்தான, வாரத்துக்கு ரெண்டு அம்மாங்க வந்து கழிவறைய பாக்கணும்னு தீர்மானம் போடுங்க. கழுவுற அக்காவோட சம்பளம் எங்கருந்து, எந்தத் தேதில வரும்னு ஊராட்சித் தலைவர்கிட்ட பேசி அதையும் அதே தீர்மான நோட்டுல எழுதிருங்க, ஏன்னா அவங்க நின்னுட்டா அடுத்து விளக்குமாறு ஏதோ ஒரு பிள்ளை கைக்குத்தான் போகும், அது எந்தப் பிள்ளைன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.