பழைய ஸ்னோமொபைல் கிளட்ச்: தூக்கிப் போடும் முன் புஷ்ஷை ஆட்டிப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் எழுபதுகளின் கடைசியில் வந்த ஒரு ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) இருக்கிறது. இரட்டைச் சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். ஐடிலில் நிற்கும்போதே வண்டி மெல்ல நகரப் பார்க்கிறது, கிளம்பும்போது ஒரு உதறல், மேடு வந்தால் இன்ஜின் அமுங்கிப்போகிறது. புது பெல்ட் போட்டும் அப்படியேதான். கிளட்சையே மாற்றிவிடு என்கிறார்கள் நண்பர்கள். மாற்றுவதா, சரிசெய்வதா?

பதில்: சரிசெய்யுங்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன சாமான்களால் வருபவை. கிளட்சின் உடம்பு நன்றாக இருந்தால் அதைக் குப்பையில் போட வேண்டியதில்லை.

இந்த வண்டியில் கியர் பாக்ஸ் கிடையாது, இரண்டு கப்பியும் நடுவே ஒரு பெல்ட்டும்தான். ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்குப் பழகிய ஏற்பாடு. டாஃப் நிறுவனம் 1958-லேயே இதைக் காரில் வைத்துக் காட்டியது. இன்ஜினின் கிராங்க்கில் நேராக உட்கார்ந்திருப்பது முன் கிளட்ச். வேகம் கூடக்கூட அதிலுள்ள எடைகள் வெளிப்பக்கம் விரிந்து, ஸ்பிரிங்கை மீறி நகரும் தட்டைத் தள்ளிப் பெல்ட்டைப் பிடிக்கின்றன. பின் கிளட்சில் ஒரு சாய்வான கேமும் முறுக்கு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. மேடு வந்து சுமை ஏறும்போது பெல்ட்டை இறுக்கி, தானாகவே கீழ் விகிதத்துக்குக் கொண்டுவருவது இவற்றின் வேலை.

இனி உங்கள் கோளாறுகள். ஐடிலில் நகர்கிறது என்றால் முன் கிளட்ச் முழுசாக விரியாமல் பெல்ட்டைக் கொஞ்சம் கவ்விக்கொண்டே இருக்கிறது. கிளட்சைப் பிரிப்பதற்கு முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள்: ஐடில் வேகம் அதிகமா, புது பெல்ட் இந்த மாடலுக்கு உரிய நீளமும் அகலமும் கொண்டதுதானா? பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பெல்ட் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இதே தொல்லையைத் தரும். அது சரியாக இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நகரும் தட்டை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் புஷ், அதாவது தட்டுக்கும் அது நகரும் தண்டுக்கும் நடுவே உள்ள வளையம், தேய்ந்துவிட்டது. தேய்ந்த புஷ்ஷில் தட்டு சாய்ந்து சிக்கும், சிக்கினால் ஐடிலில் திறக்காது, கிளம்பும்போது சட்டென்று விடுபட்டு உதறும். ஆக, முதல் இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்.

பிரிக்கும்போது மூடி, தட்டு, ஸ்பைடர் (தண்டில் இறுகியிருக்கும், கைகள் நீட்டிய நடுத்துண்டு) மூன்றின் மேலும் ஒரே நேர்க்கோட்டில் மார்க்கரால் குறி போடுங்கள். பழையபடி அதே நிலையில் மாட்டாவிட்டால் பேலன்ஸ் போய்விடும். மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, எனவே போல்ட்களைச் சுற்றிவரச் சமமாகத் தளர்த்தி, மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தே எடுங்கள். கிராங்க்கிலிருந்து கிளட்சைக் கழற்ற அதற்குரிய புல்லர் போல்ட் வேண்டும். தயவுசெய்து சுத்தியலால் அடிக்காதீர்கள். கிராங்க் கோணினால் கிளட்ச் செலவு ஒன்றுமில்லை என்று தோன்றிவிடும்.

வெளியே எடுத்த பிறகு எடைகள் அழுத்தி உருளும் ரோலர்களை ஒவ்வொன்றாக விரலால் உருட்டுங்கள். ஒரு பக்கம் தட்டையாகி, ஒரே இடத்தில் தடுக்கி நிற்கும் ரோலர் இருந்தால் எல்லா ரோலரையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் அல்ல. எடைகளின் வளைந்த முகத்தில், ஐடிலில் ரோலர் உட்காரும் இடத்தில், நகத்தை வைத்து இழுத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். அந்தப் பள்ளத்தை ஏறித் தாண்டும்போதுதான் வண்டி உதறுகிறது. பள்ளத்தை அரம் போட்டுச் சமன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எடை குறைந்து, வடிவமும் மாறி, கிளட்ச் வேறு குணத்துக்குப் போய்விடும் என்பதால் எனக்கு அதில் சம்மதமில்லை. புது செட் வாங்கி, கிராம் தராசில் எல்லாம் ஒரே எடையா என்று பார்த்துப் போடுங்கள். தட்டின் தூண்களுக்கிடையே சறுக்கும் பிளாஸ்டிக் பட்டன்கள் இருக்கும் மாடல் என்றால் அவற்றையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

புஷ் விஷயத்தில்தான் உண்மையான மேம்பாடு கிடைக்கும். பழைய வெண்கலப் புஷ்ஷுக்குப் பதிலாக டெஃப்லான் உட்பூச்சு உள்ள புஷ் அந்த அளவில் கிடைத்தால் அதையே போடுங்கள், எண்ணெய் இல்லாமலே வழுக்கும். ஆனால் தண்டில் கோடு விழுந்திருந்தால் எந்தப் புஷ்ஷும் நிலைக்காது, முதலில் தண்டைத் தடவிப் பாருங்கள். புஷ் உட்காரும் துளையைக் கடைசலில் கொஞ்சம் பெரிதாக்க வேண்டி வந்தால், தட்டின் முகத்துக்குச் செங்குத்தாகப் பிடித்துச் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

மேட்டில் அமுங்குவது பின் கிளட்சின் வேலை. கேம் சறுக்கும் மூன்று பிளாஸ்டிக் துண்டுகள் தேய்ந்து, உலோகம் உலோகத்தில் உரசிக்கொண்டிருக்கலாம். விலை குறைந்த சாமான், எல்லாரும் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான். அப்புறம் முறுக்கு ஸ்பிரிங் வயதில் தளர்ந்திருக்கும். புதிதைப் போட்டு, மாடலுக்குச் சொல்லப்பட்ட ஓட்டையில் மாட்டுங்கள்.

திரும்ப மாட்டும்போது கிராங்க்கின் கூம்பு முனையும் கிளட்சின் உள்பக்கமும் எண்ணெய்ப் பிசுக்கின்றிக் காய்ந்திருக்க வேண்டும். கையேடு சொல்லும் டார்க்கில் (இறுக்கும் முறுக்கு விசையில்) இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி சரிபாருங்கள். இரண்டு கப்பியும் கோணாமல் நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அளவு தவறாக வந்தால் கிளட்சைக் குறை சொல்வதற்கு முன் இன்ஜின் மவுன்ட் ரப்பரைப் பாருங்கள், பழைய வண்டியில் அது நசுங்கி இன்ஜினே சாய்ந்திருக்கும்.

கேள்வி: எல்லாம் சரியாகிவிட்டது. இன்னும் விறுவிறுப்பாகப் போக எடை, ஸ்பிரிங் மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) இன்ஜின் உச்ச சக்தி தரும் இடத்தில் நிற்க வேண்டும், இலக்கு அதுதான். அதைவிடக் கீழே நின்றால் எடையைக் குறைக்கவும், மேலே போனால் கூட்டவும். முன் ஸ்பிரிங் கடினமானால் கிளட்ச் பிடிக்கும் வேகம் உயரும்; ஆழமான பனியில் கிளம்ப அது உதவும், சாதாரணப் பாதையில் எரிச்சல்தான். பின் கேமின் கோணம் செங்குத்தாக இருந்தால் விகிதம் வேகமாக மேலேறி ஆர்பிஎம் இறங்கும், சாய்வாக இருந்தால் நேர்மாறு.

ஒரு தந்திரம் சொல்கிறேன். முன் கிளட்சின் தட்டு முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டு, முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பெல்ட் எவ்வளவு தூரம் ஏறியதோ அதுவரை மை அழிந்திருக்கும். விளிம்பருகே மை அப்படியே இருந்தால் கிளட்ச் முழுசாக மேலேறவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: வேறு கம்பெனியின் நவீன முன் கிளட்சை மாட்டலாமா?

பதில்: காமெட் 102சி போன்றவற்றைப் பல பழைய வண்டிகளில் மாட்டியிருக்கிறார்கள். கிராங்க் கூம்பின் அளவு, தட்டின் கோணம், பெல்ட் அகலம், இரு கப்பிகளுக்கு இடையிலான தூரம் நான்கும் ஒத்துவந்தால்தான். ஒன்று தவறினாலும் பெல்ட்டை மாதாமாதம் வாங்குவீர்கள்.

கேள்வி: சோதிக்கும்போது பெல்ட் கார்டை (பெல்ட்டின் மேல் உள்ள பாதுகாப்பு மூடியை) கழற்றி வைக்கலாமா? வேலை சுலபமாக இருக்கிறது.

பதில்: வேண்டாம். பழைய வார்ப்பு அலுமினியத் தட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், முழு வேகத்தில் அது தெறித்தால் உங்கள் காலுக்கு நேராகத்தான் வரும். பின்பக்கத்தைத் தூக்கி வைத்து ட்ராக்கை (வண்டிக்கு அடியில் சுழலும் பட்டையை) ஓடவிடும்போதும் கார்டு இருக்க வேண்டும், ட்ராக்கின் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.