வெளிநாட்டுக் கூட்டாய்வு: பணம் எந்தப் பையிலிருந்து வரும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் திட்டம் 2021 முதல் 2027 வரை நடக்கிறது. ஒதுக்கீடு சுமார் 9,550 கோடி யூரோ. பல நாட்டவர் கூடிச் செய்யும் தொழில்நுட்ப ஆய்வுக்குப் பொதுப் பணம் தரும் திட்டங்களில் உலகிலேயே பெரியவற்றுள் இது ஒன்று. இதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: குடிநீர்க் குழாய்க் கசிவைக் கண்டறியும் சென்சார் திட்டம் ஒன்றில் ஜெர்மன் பல்கலைக்கழகம் ஒன்று எங்களைச் சேர்த்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. எங்கள் கல்லூரிக்கு ஐரோப்பாவிலிருந்து நேரடியாகப் பணம் வருமா?
– பேராசிரியர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் வராது. ஜெர்மன் நண்பர்களுக்கு ஒப்புதல் மடல் அனுப்பும் முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 2014இல் இதற்கு முந்தைய திட்டமான ஹொரைசன் 2020 தொடங்கியபோதே இந்தியா, சீனா, பிரேசில், ரஷ்யா, மெக்சிகோ ஆகிய நாடுகள் தானாக நிதி பெறும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. இரண்டு விதிவிலக்குகள் உண்டு. விண்ணப்பம் கோரும் அழைப்பு அறிவிப்பிலேயே இந்திய நிறுவனங்களுக்குப் பணம் உண்டு என்று எழுதியிருக்க வேண்டும். அல்லது நீங்கள் இல்லாமல் அந்த ஆய்வு நடக்காது என்பதை நிதி தரும் அமைப்பு ஏற்க வேண்டும். இரண்டாவதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

மற்றபடி நீங்கள் சேர்வது 'அசோசியேட்டட் பார்ட்னர்' என்ற பெயரில். வேலை உண்டு, பொறுப்பு உண்டு, ஐரோப்பியப் பணம் கிடையாது. இன்னொன்று: மூன்று வெவ்வேறு நாடுகளிலிருந்து, ஒன்றையொன்று சாராத மூன்று அமைப்புகளாவது கூட்டணியில் இருக்க வேண்டும் என்ற விதியில் இந்தியா கணக்கில் வராது. உறுப்பு நாடுகளும், ஒப்பந்தம் செய்து திட்டத்தில் இணைந்த நாடுகளும்தான் எண்ணப்படும்; மூன்றில் ஒன்றாவது உறுப்பு நாடாக இருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் பங்குப் பணம் இந்தியப் பையிலிருந்து வர வேண்டும். இதற்கு இருக்கும் நல்ல வழி ஒருங்கிணைந்த அழைப்புகள். 2025 மே மாதம் கடல் பிளாஸ்டிக் மாசு, கழிவிலிருந்து ஹைட்ரஜன் என்ற இரு தலைப்புகளில் அப்படி அழைப்பு வந்தது. ஐரோப்பியக் குழுவுக்கு ஒன்றியமும், இந்தியக் குழுவுக்கு முறையே புவி அறிவியல் அமைச்சகமும் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் பணம் தரும் ஏற்பாடு. இந்தியத் தரப்பு டெல்லிக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். இரண்டு விண்ணப்பங்களிலும் வேலைப் பங்கீடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒன்றில் 36 மாதம், மற்றதில் 48 மாதம் என்று இருந்தால் இரு பக்கமும் சந்தேகம் எழும்.

இதில் அடிக்கடி இடறும் இடம் கடிகாரம். பிரஸ்ஸல்ஸில் விண்ணப்பக் கெடு முடிந்து ஐந்து மாதத்தில் முடிவும், எட்டு மாதத்தில் ஒப்பந்தக் கையெழுத்தும் என்பது வழக்கமான கணக்கு. இந்திய அனுமதி ஆணை அதற்குள் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவில் முதல் மாதம் தொடங்கிவிட, இங்கே ஆராய்ச்சி மாணவரை நியமிக்கவே பணம் இருக்காது. முதல் ஆறு மாதத்துக்கு மற்றவர்கள் உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கும்படியான வேலை எதையும் உங்கள் பெயரில் போட விடாதீர்கள். இந்தியப் பணம் வந்த பிறகு பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று தர வேண்டும். வங்கியில் சேர்ந்த வட்டியையும் அரசுக்குத் திருப்ப வேண்டும். வட்டியைத் திட்டச் செலவில் கரைத்துவிட்டு அடுத்த தவணைக்குக் காத்திருப்பவர்கள் தணிக்கையில் சிக்குவார்கள்.

கேள்வி: இலங்கைக்கும் இதே நிலைதானா?
– விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறது. வழக்கமான அழைப்புகளில் இலங்கைப் பல்கலைக்கழகம் நேரடியாக நிதி பெறலாம். இந்த வாய்ப்பை நம்மவர்கள் இன்னும் நிறையப் பயன்படுத்த வேண்டும். கோர்டிஸ் என்ற தரவுத்தளத்தில் உங்கள் துறையில் முன்பு நிதி பெற்ற திட்டங்களையும் அவற்றை நடத்தியவர்களையும் தேடிப் பாருங்கள். கெடுவுக்கு நான்கு மாதம் முன்பாவது ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். உங்களிடம் உள்ள கருவி, உங்களால் மட்டும் எடுக்கக்கூடிய தரவு, எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்பவை அதில் இருந்தால் போதும். துறையின் வரலாறு வேண்டாம்.

கணக்கில் ஒரு நுணுக்கம். செலவை யூரோவில் காட்டும்போது அறிக்கைக் காலம் முழுவதற்குமான சராசரி நாணய மாற்று விகிதம் எடுக்க வேண்டும். ஐரோப்பிய மத்திய வங்கி நாள்தோறும் வெளியிடும் பட்டியலில் இலங்கை ரூபா இல்லை. அதனால் ஐரோப்பிய ஆணையம் மாதந்தோறும் வெளியிடும் கணக்கு விகிதங்களின் சராசரிதான் உங்களுக்குச் செல்லும். பணம் வந்த நாளின் வங்கி விகிதத்தைப் போட்டால் அறிக்கை திரும்பி வரும்.

கேள்வி: எங்கள் கல்லூரியை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. பங்கேற்பாளர் பதிவை யார் பெயரில் செய்வது?
– ஆய்வுத் துறைப் பொறுப்பாளர், ஈரோடு

பதில்: சட்டப்படி எந்த அமைப்பு ஒப்பந்தம் போட முடியுமோ அதன் பெயரில். கல்லூரிக்குத் தனிச் சட்ட உருவம் இல்லையென்றால் அறக்கட்டளைதான் பங்கேற்பாளர். ஒன்பது இலக்கப் பங்கேற்பாளர் எண்ணை இணையதளத்தில் சில நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஆவணங்களைச் சரிபார்ப்பது பிறகு. அறக்கட்டளைப் பத்திரம், பான் அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் மாதக்கணக்கில் நின்றுபோகும்.

வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வாய்ப்பு இருந்தால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்துமா என்று தணிக்கையாளரிடம் முதலிலேயே கேளுங்கள். பொருந்துமானால் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். அதை வேறோர் அமைப்புக்கு மாற்றிவிட முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஹொரைசன் தரும் மறைமுகச் செலவு (அலுவலகம், மின்சாரம் போன்ற பொதுச் செலவு), நேரடிச் செலவின் மேல் 25 சதவீதம். மொத்தத்தில் பார்த்தால் அதுவும் 20 சதவீதம்தான். ஆனால் 'நிர்வாகச் செலவு' என்பதற்கு இரு இடத்திலும் ஒரே பொருள் இல்லை. எண் ஒத்துப்போகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: 60,000 யூரோவுக்கு ஒரு சோதனைக் கருவி வாங்க வேண்டும். முழுத் தொகையும் கிடைக்குமா?
– சிறு மின்னணு நிறுவனம் நடத்தும் வாசகர், பாரிஸ்

பதில்: அழைப்பில் வேறு மாதிரி சொல்லாதவரை தேய்மானம் மட்டும்தான் கிடைக்கும். கருவியின் ஆயுள் 60 மாதம் என்றும், நான்காண்டுத் திட்டத்தின் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் வாங்குகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். பயன்படுத்துவது 24 மாதம். 60,000ஐ 60ஆல் வகுத்து 24ஆல் பெருக்கினால் 24,000 யூரோ. பாதி நேரம் வேறு வாடிக்கையாளர் வேலைக்கு ஓடினால் 12,000தான். ஆகவே கருவியைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே வாங்குங்கள்.

ஆள் செலவுக்கு ஓராண்டு என்பது 215 நாள். ஒரு பொறியாளருக்கு ஆண்டுக்கு 64,500 யூரோ செலவானால் நாளுக்கு 300. அவர் 100 நாள் உழைத்தால் 30,000. மறைமுகச் செலவு சேர்த்து 37,500. ஆய்வு வகைத் திட்டமானால் முழுதும் கிடைக்கும். சந்தைக்கு நெருக்கமான 'இன்னொவேஷன் ஆக்‌ஷன்' வகையானால் லாப நோக்குள்ள நிறுவனத்துக்கு 70 சதவீதம்: 26,250. மீதியை உங்கள் கையிலிருந்து போட வேண்டும். சம்பளம் எடுக்காத உரிமையாளராக நீங்களே வேலை செய்தால் அதற்கு நாளுக்கு இவ்வளவு என்ற தனி அலகு விகிதம் உண்டு. அதைக் கேட்காமல் விடாதீர்கள். யார் எத்தனை நாள் வேலை செய்தார் என்ற கையொப்பமிட்ட பதிவு மாதந்தோறும் இருக்க வேண்டும். ஆண்டு முடிவில் உட்கார்ந்து எழுதிய பதிவில் ஒருவர் விடுப்பில் இருந்த நாளில் வேலை செய்ததாக வந்துவிடும். தணிக்கையாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒன்றியப் பங்கு 4,30,000 யூரோவை எட்டினால் உங்கள் நிறுவனத்துக்குத் தணிக்கையாளரின் கணக்குச் சான்றும் வேண்டும். முதல் தவணையிலிருந்து பரஸ்பரக் காப்பீட்டுக்கென (யாராவது திருப்ப வேண்டிய பணத்தைத் திருப்பாவிட்டால் ஈடுகட்டும் பொது நிதி) மானியத்தில் 5 முதல் 8 சதவீதம் வரை பிடித்து, கடைசியில் தருவார்கள். பணவரவைக் கணக்கிடும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முன்கூட்டியே முடிவுசெய்த மொத்தத் தொகையாகத் தரும் 'லம்ப்சம்' முறையில் ரசீதே வேண்டாம் என்கிறார்களே?
– வாசகி, மதுரை

பதில்: உண்மைதான், உண்மைச் செலவை ஒன்றியத்துக்குக் காட்ட வேண்டாம். ஆனால் திட்டத்தைப் பிரித்து எழுதும் ஒவ்வொரு வேலைத் தொகுதிக்கும் உரிய பணம் அது முடிந்தால்தான் வரும். 'மேலாண்மை' என்று 48 மாதத்துக்கு ஒரே தொகுதி போட்டால் அதன் பணம் 48ஆம் மாதத்துக்குப் பிறகுதான். நீண்ட தொகுதியை அறிக்கைக் காலப்படி, அதாவது வழக்கமாக 18 மாதத் துண்டுகளாக, உடைத்து எழுதுங்கள். ஒரு பங்காளி தன் பகுதியை முடிக்காவிட்டால் அந்தத் தொகுதியில் உழைத்த எல்லோருக்குமே பணம் நிற்கும். அப்போது யார் இழப்பைத் தாங்குவது என்பதைக் கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: கட்டுரை வெளியிடும் கட்டணத்தைத் திட்டச் செலவில் சேர்க்கலாமா?
– ஆய்வு மாணவர், லியோன்

பதில்: எல்லோரும் இலவசமாகப் படிக்கக்கூடிய முழுக்கத் திறந்த அணுக்க இதழானால் சேர்க்கலாம். பாதி சந்தா, பாதி திறந்தது என்ற கலப்பு இதழ்களின் கட்டணம் ஏற்கப்படாது. எந்த இதழில் வந்தாலும் கட்டுரை வெளியான அன்றே இணையக் களஞ்சியத்தில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

கேள்வி: எத்தனை மதிப்பெண் வந்தால் தேறலாம்? கடைசி நாளில் எத்தனை மணி வரை நேரம்?
– வாசகர், திருச்சி

பதில்: ஆய்வின் தரம், அதன் தாக்கம், நடத்தும் திறன் என்ற மூன்றுக்கும் தலா 5. வழக்கமாக ஒவ்வொன்றிலும் 3, மொத்தத்தில் 10 எடுக்க வேண்டும். அது நுழைவாயில் மட்டுமே. பணம் மேலிருந்து கீழாகத் தீரும் வரைதான், எனவே போட்டி மிகுந்த தலைப்புகளில் 13 எடுத்தும் வெளியே நிற்க நேரிடலாம். கெடு பொதுவாக பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணி. அங்கே கோடைக்கால நேரம் நடக்கும்போது நமக்கு இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. முந்தைய நாளே ஒருமுறை சமர்ப்பித்துவிடுங்கள். கெடுவுக்குள் எத்தனை முறை திருத்தி ஏற்றினாலும் கடைசியாக ஏற்றியதையே எடுத்துக்கொள்வார்கள்.