வாழைத்தண்டு சூப் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

திருவல்லிக்கேணி மேன்ஷன் நாட்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக மெல்போர்னில் இருக்கிறேன். சென்ற மாதம் மகளுடன் சென்னை வந்திருந்தேன். பெரிய ஏமாற்றம். டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இல்லை, தாசப்பிரகாஷ் இல்லை. தெருவுக்குத் தெரு மோமோ, ஷவர்மா. வெளியாட்கள் வந்து சென்னையின் ருசியையே கெடுத்துவிட்டார்கள். மகள் பள்ளிக்குப் புளியோதரை கொண்டுபோனால் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அழுவாள். நம் ஊரிலாவது நம் சாப்பாட்டைச் சாப்பிடட்டும் என்று அழைத்துவந்தால் இங்கே இப்படி. பழைய ருசி மாறாத ஓட்டல்கள் எவை? டிசம்பரில் மறுபடி வருகிறோம். ஒரு பட்டியல் தர முடியுமா?

கே., மெல்போர்ன்

அன்புள்ள கே.,

பட்டியல் பிறகு. உங்கள் கடிதம் வந்தபோது நான் சாம்பார் இட்லியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ரத்னா கஃபேக்குப் போயிருந்தேன். மேன்ஷனில் இருந்த காலத்தில், மாதக் கடைசியில் என் இரவுச் சாப்பாடு அங்கே இரண்டு இட்லி. மற்ற ஓட்டல்களில் இட்லிக்கு சாம்பார் தருவார்கள், அங்கே சாம்பாருக்கு இட்லி. தட்டில் இட்லி மூழ்கும்வரை ஊற்றுவார்கள். நான் இட்லியை ஓரத்தில் மட்டும் விண்டு தின்று, சாம்பாரை ஸ்பூனால் குடித்துத் தீர்த்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். சப்ளையர் ஒன்றும் சொல்லாமல் வந்து மறுபடி ஊற்றிவிட்டுப் போவார். மூன்றாம் முறை நிமிரவே மாட்டேன், வெட்கம். அப்போதும் ஊற்றுவார். அவர் பெயரைக் கடைசிவரை நான் கேட்கவில்லை. இம்முறை ஊற்றிய பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன். அவனிடமாவது கேட்டிருக்கலாம். இல்லை, அவன் ஊரைத்தான் கேட்டேன்.

அந்தக் கடையை 1948இல் தொடங்கியவர் எங்கிருந்து வந்தார், தெரியுமா? மதுராவிலிருந்து. மதுரை என்று திருத்தி வாசித்துவிடாதீர்கள். வடக்கே, யமுனைக் கரை மதுரா. இந்திக்காரர் ஒருவர் தொடங்கிய கடையின் சாம்பாரைக் குடித்துத்தான் நான் சென்னைக்காரன் ஆனேன்.

டிரைவ்-இன் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. 1962 முதல் 2008 வரை அங்கே காபி குடித்தவர்கள் அத்தனை பேரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா, உட்கார நிழல் உண்டு. போதும். தாசப்பிரகாஷ் ஐஸ்கிரீமுக்கும் இதே பதில். மயிலாப்பூர்க்காரரான உங்களுக்குக் காளத்தி கடை ரோஸ் மில்க்கையும் ராயர் மெஸ் கெட்டிச் சட்னியையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்த 'வெளியாட்கள்' என்ற சொல்லை விட எனக்கு மனமில்லை. நீங்கள் துக்கம் கொண்டாடும் உட்லண்ட்ஸைத் தொடங்கிய கிருஷ்ணா ராவ் உடுப்பிப் பக்கத்துக்காரர். தாசப்பிரகாஷும் அதே வழி வந்ததுதான். நம் வீட்டுப் பெரியவர்கள் 'உடுப்பி ஓட்டல்' என்று ஊர்ப்பெயர் சேர்த்தே சொன்னார்கள். அதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. நாம்தான் ஊர்ப்பெயரை மறந்துவிட்டு 'நம்ம சென்னை ருசி' என்று சொந்தம் கொண்டாடுகிறோம். மோமோ எனக்கும் பிடிக்காது. கொழுக்கட்டை என்று கடித்தால் உள்ளே பூரணம் இல்லாத ஏமாற்றம். அது என் நாக்கின் பாடு. அதற்காக வண்டி தள்ளுகிறவனை ஊரைக் கெடுத்தவன் என்பதா? இருபத்திரண்டு ஆண்டுகளாக வேற்றூரில் இருக்கிற உங்கள் பேனா இதை எழுதக் கொஞ்சமாவது தயங்கியிருக்க வேண்டாமா?

அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கிறீர்களா? மயிலாப்பூரிலிருந்து பாரிமுனை தாண்டி வராமலே வளர்ந்தவர்கள் உண்டு, அதனால் கேட்கிறேன். 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதென்று அறிவித்தார்கள். தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கையிலிருந்த காசும் காகிதமாகிக் கப்பலேறினார்கள். அவர்கள் பிழைக்க 1969இல் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. அதற்குப் பின்தெருவில், செகண்ட் லைன் பீச் என்று நாம் சொல்கிற இடத்தில், தள்ளுவண்டிகள் நின்றன.

1983இல் துறைமுகத்தில் வேலை பார்த்த அறைத்தோழன் ஒருவன் என்னை அங்கே கூட்டிப்போனான். வண்டிக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். வலது கை மணிக்கட்டுவரை மஞ்சளேறிப் போயிருந்தது. அவித்த நூடுல்ஸில் ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். மயிரிழையாகச் சீவிய முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு பொரித்த எண்ணெய். ஒரு தட்டையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து நொறுக்கித் தூவினார். பிறகு கையாலேயே பிசைந்தார். அத்தோ என்பதே பர்மியச் சொல்லின் திரிபு. பிசைந்து கலந்தது என்று பொருள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப், அதற்குத் தனிக் காசு கிடையாது.

எனக்கு அப்போது எதற்கெடுத்தாலும் அசல் எது என்று தெரிந்தாக வேண்டும். உங்கள் நோய்தான். "பர்மாவில் இருப்பது போலவே இருக்குமா?" என்று கேட்டேன். அவர் அவித்த முட்டையைக் கீறி வெங்காயம் அடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "இருக்காது" என்றார். "அங்கே இந்த சூப்பில் மீன் உண்டு. வந்த புதிதில் போட்டேன். நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். எடுத்துவிட்டேன்."

"உங்களுக்கு இது பிடிக்கிறதா?"

"பழகிவிட்டது" என்று சொல்லிவிட்டு முட்டையை என் தட்டில் வைத்தார்.

மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் நாம்தான், கே. அவர் பேசியது நல்ல தமிழ், ஆனாலும் நமக்கு அவர் பர்மாக்காரர். உங்கள் மகள் அழுததை நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டு ஓட்டல் விசாரத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத்தான் நாலு முறை வாசித்தேன். எந்தப் பள்ளி, எத்தனையாவது வகுப்பு, இப்போது டப்பாவில் என்ன கொண்டுபோகிறாள் என்றெல்லாம் கேட்கத் தோன்றியது. புளியோதரையை நிறுத்திவிட்டு ரொட்டி கட்டிக்கொடுக்கிறீர்களோ என்று பயமாகவும் இருந்தது. நிறுத்தியிருந்தாலும் உங்களைக் குறை சொல்லமாட்டேன். அந்த வண்டிக்காரரும் மீனை எடுத்தவர்தானே. 'அது வேறு, இது வேறு' என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். எழுதுவீர்கள் என்று தெரியும்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள், இல்லையா? டிசம்பரில் ஒரு மாலை ஆறு மணிக்கு மேல் மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்குங்கள். சாலையைக் கடந்து பஜாருக்குப் பின்னால் போய் யாரிடமாவது அத்தோ கடை எது என்று கேளுங்கள். உட்கார வசதியை எதிர்பார்க்காதீர்கள், நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டியிருக்கும். குழந்தைக்குக் காரம் குறைத்துப் பிசையச் சொல்லுங்கள். சூப் கொதிக்கக் கொதிக்க வரும், ஊதிக் குடிக்கட்டும். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம். அந்த மஞ்சள் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.