ஃபேஸ்லிஃப்ட் (தொங்கும் முகத்தோலை இழுத்துத் தைக்கும் அறுவை) செய்துகொண்டால் எத்தனை நாளில் வெளியே தலைகாட்டலாம்? ரொம்ப வலிக்குமா?

நானும் முதலில் வலியைப் பற்றித்தான் கேட்டேன். எனக்கு இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, அப்போது வயது 58, முகத்தோடு கழுத்தையும் சேர்த்துச் செய்தார்கள். வலி பயந்த அளவுக்கு இல்லை, கொடுத்த மாத்திரையிலேயே அடங்கிவிட்டது, ஐந்தாம் நாளுக்கு மேல் பாராசிட்டமாலே போதுமாக இருந்தது. ஆனால் அந்த இறுக்கம் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தாடைக்கடியில் ஈரத்துணியை முறுக்கிக் கட்டியதுபோல இருக்கும். கொட்டாவி வந்தால்கூட பயம். தோலை மட்டும் இழுத்துத் தைப்பதில்லை, அடியில் இருக்கும் தசையுறையையும் இறுக்கித் தைக்கிறார்கள், அதனால் அப்படித்தான் இருக்குமாம்.

கண் விழித்தபோது தலையைச் சுற்றிக் கட்டு, இரண்டு காதுக்கும் பின்னாலிருந்து மெல்லிய குழாய், அதன் நுனியில் ரத்தநீர் சேர ஒரு சின்னக் குமிழ். மறுநாள் காலையில் குழாயை எடுத்துவிட்டார்கள் (எல்லா மருத்துவர்களும் குழாய் வைப்பதில்லை). அறுவை நடந்த ராத்திரி முழுக்க பிரஷர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், எனக்கு எரிச்சலாக வந்தது, காரணம் தெரிந்த பிறகுதான் அடங்கினேன். தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்வதுதான் இந்த அறுவையில் அதிகம் வரும் சிக்கல், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும், ஆண்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கூடுதல். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, வலி ஏறிக்கொண்டே போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நடு ராத்திரியானாலும் போன் போடுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், இதற்கும் அதே பதில்தான்.

குனியாதே, கனம் தூக்காதே, முக்காதே என்று சொல்வதும் அந்தப் பிரஷருக்காகத்தான். இதில் 'முக்காதே' என்பதைக் கொஞ்சம் சீரியஸாக எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பலமான வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும். மலமிளக்கியும் சேர்த்து எழுதித் தருவார்களா என்று கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், நான் மூன்றாம் நாள் கேட்டேன், அது ரொம்பத் தாமதம்.

இனி கண்ணாடி விஷயம். வீக்கம் மறுநாளைவிட மூன்றாம் நாள் கூடுதலாக இருக்கும். கண் பாதி மூடி, முகம் பரங்கிக்காயாகி, ஒரு கன்னம் மற்றொன்றைவிடப் பெரிதாகி, சுத்தமாக வேறு யாரோ. தோல் கன்றிய நீலம் வேறு நாளுக்கு நாள் கீழே இறங்கியது: முதலில் கன்னம், அப்புறம் கழுத்து, எட்டாம் நாள் பார்த்தால் நெஞ்சின் மேல்பகுதியில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு திட்டு, அங்கே யாரும் கத்தியே வைக்கவில்லை. நாலாம் நாள் உட்கார்ந்து அழுதேன். சும்மா இருந்த முகத்தைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டோமே என்று. கட்டு மாற்ற வந்த நர்ஸ் சர்வசாதாரணமாக, "எல்லாரும் இந்த நாளில்தான் அழுவார்கள்" என்றார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன? உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் முகத்தைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

தூக்கம் கஷ்டம்தான். தலையை உயர்த்தி, மல்லாந்துதான் படுக்க வேண்டும், எனக்குச் சொன்னது 2 வாரம். நான் பக்கவாட்டில் சுருண்டு படுத்தே பழகியவள், இரண்டு பக்கமும் தலையணையை அணையாக வைத்துச் சமாளித்தேன். தலைவழியாக மாட்டும் உடைகளை ஒதுக்கி வைத்துவிடுங்கள், முன்பக்கம் பட்டன் வைத்ததுதான் உதவும். முதல் இரண்டு நாள் கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும். என் வீட்டுக்காரர் மாத்திரை நேரத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தார், அது இல்லாவிட்டால் எதை எப்போது போட்டேன் என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

காதுக்கு முன்னால் போட்ட தையலை ஆறாம் நாள் பிரித்தார்கள், பின்னால் போட்டதைப் பத்தாம் நாள். சுருக்கென்று இருந்தது, அவ்வளவுதான்.

புகைப்பவராக இருந்தால் இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், இழுத்துத் தைத்த தோலுக்கு ரத்தம் போகாவிட்டால் அது கறுத்து அழுகிப்போகும், முக்கியமாகக் காதுக்குப் பின்னால். அறுவைக்கு முன்னால் 4 வாரம், பின்னால் 4 வாரமாவது விட வேண்டும். புகையை விடுவதற்காக எடுக்கும் ஒட்டும் பட்டை, மெல்லும் கம் எல்லாவற்றிலும் இருப்பது அதே நிகோடின்தான். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை மாதிரி எது சாப்பிட்டாலும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ரத்தம் உறைவதை அவை பாதிக்கலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்கள் தானாக நிறுத்திவிடவும் கூடாது.

வெளியே எப்போது போகலாம்? உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் பெரும்பாலும் 2 வாரம், மிச்சமிருக்கும் நீலத்தை மேக்கப் மறைத்துவிடும். நான் பன்னிரண்டாம் நாள் மாஸ்க் போட்டுக்கொண்டு நடந்துவிட்டு வந்தேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டம், ஜிம் எல்லாம் 4 முதல் 6 வாரம் கழித்து, அதுவும் மருத்துவர் சரி என்ற பிறகு. கல்யாணம் காட்சி ஏதாவது மனதில் இருந்தால் 3 மாதமாவது இடைவெளி விடுங்கள். சிரிப்பு கொஞ்ச நாள் கட்டையாக, சில சமயம் கோணலாக இருக்கும், எனக்கு ஆறாவது வாரத்தில்தான் என் சிரிப்பு திரும்பியது. தழும்பு சிவந்திருந்து மெல்ல வெளுக்கும், அதற்கு ஒரு வருஷம்கூட ஆகலாம், அதுவரை வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரத்துப்போவதுதான் கடைசியாகப் போகும். கன்னமும் காதும் மாதக்கணக்கில் உணர்ச்சி இல்லாமல் இருக்கலாம், அந்தச் சமயத்தில் ஹேர் டிரையரைச் சூடாக வைத்தால் சுட்டுக்கொண்டதுகூடத் தெரியாது. ஆண்கள் சவரத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், வெட்டிக்கொண்டது ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். போதாததற்கு, தாடி வளரும் தோலை மேலே இழுப்பதால் சிலர் காதுக்குப் பின்னாலும் சவரம் செய்ய வேண்டிவரும். எனக்குக் கன்னம் 4 மாதத்தில் சரியாகிவிட்டது. இடது காதுமடலில் மட்டும் கடுகளவு இடம் இன்னும் மரத்தே இருக்கிறது, தோடு மாட்டும்போது துளை எங்கே என்று கண்ணாடியைப் பார்த்துத்தான் தேடுகிறேன்.