சிவப்பு விளக்கில் நிற்கும்போது தொலைபேசியைக் கையில் எடுக்கலாமா?

தம்பி, ரொறன்ரோவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்றும், புதிய சாரதிகளுக்கான இரண்டாங்கட்டமான ஜி2 அனுமதிப்பத்திரம் கிடைத்த கையோடு உணவு விநியோக வேலையைத் தொடங்கவிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சிவப்பு விளக்கில் வாகனம் நின்றுவிட்டால் தொலைபேசியைப் பார்ப்பதில் குற்றமில்லை என்று உங்கள் அறைத் தோழர் சொன்னது சரியா என்பதே உங்கள் முதற் கேள்வி. சரியில்லை.

எனக்கும் ஒரு காலத்தில் அதே எண்ணம் இருந்தது. 2011-ஆம் ஆண்டு ஸ்காபரோவில் ஒரு சந்தியில் நின்றபோது, அருகிருக்கையில் கிடந்த தொலைபேசி ஒலிக்கவே, அழைப்பது யார் என்று அறிவதற்காக மட்டும் அதைக் கையில் எடுத்தேன். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பச்சை விளக்கு எரிவதற்குள் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் கண்ணாடியில் தட்டினார். வாகனம் நின்றுகொண்டுதானே இருக்கிறது என்ற என் நியாயத்தை அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தண்டச் சீட்டை நீட்டினார்.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இதற்கான 78.1-ஆம் பிரிவு 2009 ஒக்ரோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்பிரிவு தொலைபேசியில் பேசுவதை மட்டும் தடுக்கவில்லை. வாகனம் ஓட்டும்போது அதைக் கையில் வைத்திருப்பதையே தடுக்கிறது. இதை நம்மவர்களில் பலர் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. பிரேக் பிடித்தபோது கீழே விழுந்த தொலைபேசியைச் சிவப்பு விளக்கில் நின்ற சமயத்தில் எடுத்ததாகச் சொன்ன ஒரு சாரதியின் வழக்கு மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்பது முக்கியமில்லை, கையில் எடுத்ததே குற்றம் என்று 2013-இல் தீர்ந்தது. கையில் இருந்த தொலைபேசி இயங்கும் நிலையில் இருந்தது என்பதை அரச தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை என்றும் அதே ஆண்டில் அந்நீதிமன்றம் கூறியது. ஆகவே மின்கலம் தீர்ந்திருந்தது, நேரம் மட்டுமே பார்த்தேன் போன்ற விளக்கங்கள் அங்கே எடுபடமாட்டா.

நான் பிடிபட்ட காலத்தில் இந்தக் குற்றத்துக்கு, சாரதியின் பதிவேட்டில் சேரும் தண்டப் புள்ளிகள் இல்லை; அவை 2015 செப்டெம்பரில்தான் சேர்க்கப்பட்டன. 2019 ஜனவரி முதலாம் தேதிக்குப் பின் நிலைமை இன்னும் கடுமையாகிவிட்டது. முழு ஜி அனுமதிப்பத்திரம் உள்ள எனக்கு இன்று முதற் குற்றம் உறுதியானால், நீதிமன்றம் போகாமல் முடித்துக்கொண்டால் 615 டொலரும், போனால் 1,000 டொலர் வரையும் தண்டப்பணம், மூன்று புள்ளிகள், மூன்று நாள் அனுமதிப்பத்திர இடைநிறுத்தம். உங்களுக்கோ தண்டப்பணம் இதே அளவு, புள்ளிகள் இல்லை, ஆனால் இடைநிறுத்தம் முதல் முறையே 30 நாட்கள். இரண்டாவது முறை 90 நாட்கள்; மூன்றாவது முறை அனுமதிப்பத்திரமே இரத்தாகி, முதற்கட்டமான ஜி1 எழுத்துப் பரீட்சையிலிருந்து மீண்டும் தொடங்க நேரிடும். வாகனம் ஓட்டிப் பிழைக்கவிருக்கும் ஒருவருக்கு ஒரு மாத இடைநிறுத்தம் என்பது ஒரு மாதச் சம்பளம். அதற்குப் பிறகு காப்புறுதிக் கட்டணம் ஏறுவது தனிக்கதை. புதிதாக வந்தவருக்குச் சட்டம் சலுகை காட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அனுபவம் குறைந்த சாரதிக்குத்தான் தண்டனை கூடுதல்.

இதனோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்டச் சீட்டுக் கிடைத்தால், பயத்தில் அன்றே பணத்தைக் கட்டித் தொல்லையை முடித்துவிட நினைப்போம். நானும் அப்படித்தான் கட்டினேன். பணம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். ஒப்புக்கொண்டால் ஜி2 சாரதிக்கு அந்த 30 நாட்களும் தாமாகவே வந்து சேரும். பதில் சொல்ல 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் வழக்குத் தொடுநரைச் சந்தித்துப் பேசக் கோரலாம், அல்லது உரிமம் பெற்ற சட்டத்துணைவர் (பரலீகல்) ஒருவரின் ஆலோசனையைப் பெறலாம்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். தொலைபேசியைத் தாங்கியில் அசையாதபடி பொருத்தி, வழிகாட்டி வரைபடத்தைக் குரல் வழியே கேட்டு ஓட்டுவதற்குத் தடையில்லை. புளூடூத் மூலம் பேசுவதற்கும், அதைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒரு பொத்தானை அழுத்துவதற்கும் இடமுண்டு. முகவரியைத் தட்டச்சு செய்வது அந்த இடத்துக்குள் அடங்காது; புறப்படுவதற்கு முன்பே அதைப் பதிந்துவிடுங்கள். விநியோகச் செயலி புதிய வேலையொன்றை அறிவித்து, சில விநாடிகளுக்குள் திரையைத் தட்டச் சொல்லும். அந்தத் தட்டலுக்காக நானாக இருந்தால் ஏதாவதொரு வாகனத் தரிப்பிடத்துக்குள் நுழைந்து நிறுத்துவேன். ஒரு வேலை கைநழுவினால் நழுவட்டும். சட்டப்படி நிறுத்திய வாகனத்தில் இருந்து நீங்கள் தாராளமாகத் தொலைபேசியைக் கையாளலாம். ஆனால் 401 போன்ற நெடுஞ்சாலையின் ஓரப்பகுதி அவசர நிலைக்கு உரியது, அங்கே இதற்காக நிறுத்தக் கூடாது. அவசர உதவிக்கான 911-ஐ அழைப்பதற்கு மட்டும் எங்கேயும் விலக்கு உண்டு. ஸ்மார்ட் கைக்கடிகாரத்தில் செய்தி பார்த்தால் தப்பலாம் என்றும் ஒருவர் உங்களிடம் சொல்லக்கூடும். 2018-இல் குவெல்ப் நகரில் ஒரு மாணவி அவ்வாறு வாதிட்டும் தண்டப்பணத்திலிருந்து தப்பவில்லை.

ஆனால் உண்மையில் நம்மவர்களின் கையைத் தொலைபேசிக்கு இழுப்பது வேலை அல்ல, ஊரிலிருந்து வரும் அழைப்பு. நாம் காலை ஏழரைக்கு வேலைக்கு வண்டி ஓட்டும் நேரம் இலங்கையில் கோடையானால் மாலை ஐந்து மணி, குளிர்காலமானால் ஆறு மணி. அம்மா வேலையெல்லாம் முடித்து உட்காருகிற நேரம். மகன் எடுக்கவில்லை என்றால் அவருக்கு ஆயிரம் யோசனை, எடுக்காவிட்டால் நமக்கு மனச்சங்கடம். கைபடாமல் பேசுவதைச் சட்டம் அனுமதித்தாலும், வீட்டுப் பிரச்சினையைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். ஒரு நாள் காணித் தகராறு ஒன்றைப் பற்றி இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்கவே பேசிக்கொண்டு போய், இறங்க வேண்டிய வழியைத் தாண்டி மூன்றாவது வெளியேறு வழியில்தான் எங்கே இருக்கிறேன் என்று உணர்ந்தேன். இப்போது வேலைக்குப் போய்ச் சேர்ந்து வாகனத்தை நிறுத்தியதும் நானே அழைக்கிறேன். அம்மாவுக்கு அந்த நேரம் பழகிவிட்டது, உங்கள் அம்மாவுக்கும் ஓரிரு கிழமைகளில் பழகிவிடும்.

அடுத்த மாதம் மொன்றியலில் நடக்கும் திருமணத்துக்கு ஓட்டிப் போவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கியூபெக் மாகாணத்தின் விதி தனியானது. அங்கே முதற் குற்றத்துக்கே தண்டப்பணம் 300 டொலரில் தொடங்குகிறது, அங்கத்தைய சாரதிகளுக்கு ஐந்து புள்ளிகள். வேறு மாகாணம்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், அங்கே உறுதியாகும் குற்றம் ஒன்ராறியோவின் பதிவேட்டுக்கும் வரும். இரண்டு காதுகளிலும் ஹெட்போன் அணிந்து ஓட்டுவதும் அங்கே தடை. உடன் வருபவரிடம் தொலைபேசியைக் கொடுத்து வழி சொல்லச் சொல்லுங்கள்.